சீட் கிடைத்த பிறகு என்ன? கல்லூரிகளில் சம வாய்ப்பு மையம்: சந்தேகங்களும் விளக்கங்களும்

கவுன்சலிங் முடியும்வரை வீட்டில் ஒரே பேச்சுதான். கட்-ஆஃப் எவ்வளவு, எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, ஹாஸ்டல் கிடைக்குமா. பிள்ளை உள்ளே போன பிறகு வகுப்பறையிலும் ஆய்வகத்திலும் விடுதியிலும் எப்படி நடத்தப்படுகிறது என்பதைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதற்கென்று விதிகள் இருக்கின்றன, அமைப்புகள் இருக்கின்றன. பாகுபாடு இல்லாத கல்லூரிக்காகச் சம வாய்ப்பு மையம், பாகுபாட்டுத் தடுப்பு அதிகாரி, உள் புகார்க் குழு, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஏற்பாடுகள் என்று ஒரு வரிசையே உண்டு. இவற்றைப் பற்றி மக்களிடம் இருக்கும் சந்தேகங்களில் பல நியாயமானவை. சில, தவறான தகவலால் வந்தவை. இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இடஒதுக்கீடு இருக்கிறது, கட்டணச் சலுகையும் இருக்கிறது. சீட் கொடுத்த பிறகும் தனியாக ஒரு மையம் எதற்கு?

சேர்க்கை விஷயத்தில் தமிழ்நாடு நீண்ட தூரம் வந்திருக்கிறது. 1951-இல் செண்பகம் துரைராசன் வழக்கில் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று தீர்ப்பு வந்தபோது இங்கே எழுந்த கிளர்ச்சிதான், அதே ஆண்டில் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தத்துக்கும் 15(4) பிரிவுக்கும் முக்கியக் காரணம். 69 சதவீத இடஒதுக்கீடு, முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு (2020-இல் மருத்துவத்தில் தொடங்கி 2021-இல் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கும் விரிந்தது), மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் என்று கல்லூரி வாசல்வரை கொண்டுவந்து விடும் ஏற்பாடுகள் பல.

ஆனால் வாசலைத் தாண்டிய பிறகு நடப்பது வேறு கதை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று ஆராய, சுகதேவ் தோரட் தலைமையில் 2006-இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. நாட்டின் மிகக் கடினமான தேர்வுகளில் ஒன்றை எழுதி உள்ளே வந்த அந்த மாணவர்கள், தொல்லை தாங்காமல் விடுதியில் குறிப்பிட்ட மாடிகளுக்கு ஒதுங்கிப் போயிருந்ததை 2007-இல் வந்த அதன் அறிக்கை பதிவு செய்தது. அவர்களுக்குச் சீட் கிடைத்திருந்தது. சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்கார ஆள் கிடைக்கவில்லை.

இன்னும் நுட்பமாகவும் இது நடக்கும். "உன் ஜேஇஇ ரேங்க் என்ன?" என்று ஒரு முதலாண்டு மாணவரிடம் கேட்பது வெறும் பேச்சுபோலத் தெரியும். ரேங்கைச் சொன்னால் எந்த ஒதுக்கீட்டில் வந்தவர் என்பது தெரிந்துவிடும். கேட்பதே பல நேரங்களில் அதற்காகத்தான். 2023-இல் மும்பை ஐஐடி, சக மாணவரின் ஜேஇஇ ரேங்கையோ கேட் மதிப்பெண்ணையோ கேட்பது முறையல்ல என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் அங்கே முதலாண்டு தலித் மாணவர் ஒருவர் உயிரிழந்திருந்தார்.

சம வாய்ப்பு மையம் என்பது சரியாக என்ன? எல்லாக் கல்லூரியிலும் இருக்க வேண்டுமா?

பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை வளர்ப்பதற்கான விதிமுறைகளைக் கொண்டுவந்தது. அதன்படி நிறுவனம் ஒரு சம வாய்ப்பு மையத்தை அமைக்க வேண்டும். பேராசிரியர் நிலைக்குக் குறையாத ஒருவரைப் பாகுபாட்டுத் தடுப்பு அதிகாரியாக நியமிக்க வேண்டும். எழுத்தில் வரும் புகார் மீது 60 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால் நிறுவனத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

இந்த விதிகளில் மிகப் பயனுள்ள பகுதி, எதெல்லாம் பாகுபாடு என்று அது போட்டிருக்கும் பட்டியல். ஒவ்வொரு மாணவரும் ஒருமுறை படிக்க வேண்டிய பட்டியல் அது. வகுப்பில் மாணவரின் சாதி, பழங்குடி, மதம், ஊரைச் சொல்லி அறிவிப்பது பாகுபாடு. "ரிசர்வ்டு கேட்டகிரி" என்று முத்திரை குத்துவது பாகுபாடு. சரியாகப் படிக்காததற்கு அவருடைய சாதியையோ சமூகப் பின்னணியையோ காரணமாகச் சொல்லி இழிவாகப் பேசுவதும் அப்படியே. ஆசிரியரைச் சந்திக்க மற்றவர்களுக்குத் தரும் நேரத்தை இவர்களுக்குத் தராமல் இருப்பது, ஆய்வகத்துக்குள் விட்டுவிட்டு வேலை செய்ய விடாமல் சும்மா நிற்க வைப்பது, விடுதியிலும் உணவகத்திலும் படிப்பறையிலும் விளையாட்டிலும் ஒதுக்கி வைப்பது ஆகிய எல்லாமே அந்தப் பட்டியலில் உண்டு.

எழுதியவர்கள் கல்லூரிக்குள் நடப்பதைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பது படித்தாலே புரியும். ஆய்வகத்தில் சும்மா நிற்க வைக்கப்பட்ட ஒரு மாணவரால் "எனக்கு என்ன நடந்தது" என்று சொல்லவே முடியாது. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை, வெளியே போகச் சொல்லவில்லை. அதற்கும் ஒரு பெயர் உண்டு, அதைச் செய்யக் கூடாது என்று விதி எழுதி வைத்திருப்பது அவருக்குப் பெரிய பலம்.

எழுதியது நடைமுறைக்கு வந்ததா என்பது அடுத்த கேள்வி. சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானதாகப் புகார் எழுந்த இரண்டு மரணங்களைப் பாருங்கள். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோஹித் வேமுலா 2016 ஜனவரியில் இறந்தபோதும், மும்பையில் முதுநிலை மருத்துவ மாணவி பாயல் தட்வி 2019 மே மாதத்தில் இறந்தபோதும் இந்த விதிகள் நடப்பில்தான் இருந்தன. அவர்களுடைய தாய்மார்கள் ராதிகா வேமுலாவும் ஆபிதா தட்வியும் 2019-இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். தங்களுக்கு இழப்பீடு கேட்டு அவர்கள் போகவில்லை. 2012 விதிகளை ஒழுங்காக அமல்படுத்துங்கள், சாதிப் பாகுபாட்டைத் தடுக்க உறுதியான வழிமுறை வேண்டும் என்பதுதான் அவர்கள் கோரிக்கை. பிள்ளைகளை இழந்த இரண்டு தாய்மார்கள் கேட்ட பிறகுதான் இதை நாடு திரும்பிப் பார்த்தது என்பது வேதனையான உண்மை.

2026-இல் புதிய விதிகள் வந்தனவே, அவை என்ன ஆயின?

அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2026 ஜனவரியில் மானியக் குழு புதிய விதிமுறைகளை அறிவித்தது. சாதிப் பாகுபாட்டுக்கான வரையறையில் பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் மட்டுமே பாதிக்கப்படுவோராகக் கொள்ளப்படுகிறார்கள் என்று பொதுப்பிரிவினர் தரப்பில் எதிர்ப்பு எழுந்தது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் புதிய விதிகளை நிறுத்திவைத்து, அந்தத் தடை நீடிக்கும்வரை 2012 விதிகளே தொடரும் என்றது.

சச்சரவு எப்படி முடிந்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம். புதிய விதிகள் இல்லை என்பதால் விதியே இல்லை என்று எந்தக் கல்லூரியும் சொல்ல முடியாது.

இது சாதி சம்பந்தப்பட்ட ஏற்பாடு மட்டும்தானா?

இல்லை. 2012 விதிகளே சாதி, மதம், மொழி, இனம், பாலினம், மாற்றுத்திறன் என்ற எல்லா அடிப்படையிலும் பாகுபாட்டைத் தடுக்கின்றன. அவற்றுக்கு வெளியே தனிச் சட்டங்களும் உண்டு.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது, வயது வரம்பில் ஐந்து ஆண்டு தளர்வும் தருகிறது. அதைவிட முக்கியமாக, ஒவ்வொருவரின் தேவைக்கேற்ற நியாயமான வசதியைச் செய்துதர வேண்டும் என்கிறது. சக்கர நாற்காலியில் வரும் மாணவிக்கு இரண்டாம் மாடியில் வகுப்பு போட்டால், அந்த வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது சலுகை ஆகாது. கட்டடத்தை மாற்றி அமைக்க மாதங்கள் ஆகலாம், கால அட்டவணையை மாற்ற ஒரு நாள் போதும். பார்வையற்ற மாணவருக்குத் திரைவாசிப்பான் படிக்கக்கூடிய கோப்பாகப் பாடக்குறிப்பைத் தருவது, காது கேளாத மாணவருக்குக் காணொளிப் பாடத்தில் எழுத்து ஓடச் செய்வது போன்றவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை. யாராவது ஒருவர் இது என் வேலை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் மையம்.

தேர்வில் ஸ்க்ரைப் (மாணவர் சொல்லச் சொல்ல விடை எழுதித் தருபவர்) வைத்துக்கொள்வது பற்றியும் கல்லூரிகளில் குழப்பம் உண்டு. 40 சதவீதப் பாதிப்புக்கான சான்றிதழ் இருந்தால்தான் ஸ்க்ரைப் என்று மறுத்துவிடுவார்கள். எழுதும்போது விரல்கள் இறுகிக்கொள்ளும் பாதிப்பு உள்ள விகாஷ் குமார் தொடர்ந்த வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அந்த அளவுகோலை எட்டாதவர்களுக்கும் நியாயமான வசதி உரிமை உண்டு என்றது.

பாலியல் தொல்லை குறித்து மானியக் குழுவின் 2015 விதிகள் தனியே உள்ளன. அவற்றின்படி அமையும் உள் புகார்க் குழுவில் மூத்த பெண் ஆசிரியர் தலைவர். வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் போன்ற அதிகாரத்தில் இருப்போர் அதில் உறுப்பினர் ஆகக் கூடாது. ஆண் மாணவர்களும் திருநர் மாணவர்களும்கூட அங்கே புகார் தரலாம் என்பது பலருக்குத் தெரியாது.

திருநர் மாணவர்கள் விஷயத்தில் 2014-இல் உச்ச நீதிமன்றம் தந்த நால்சா தீர்ப்பும், 2019-இன் திருநர் உரிமைச் சட்டமும் அடிப்படை. 2021-இல் சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்குச் சில வழிகளைச் சொன்னது. விண்ணப்பத்தில் பாலினப் பகுதியில் கூடுதல் இடம், சான்றிதழில் பெயர் மாற்ற வசதி, பாலின அடையாளம் பார்க்காத கழிப்பறை ஆகியவை அவற்றில் சில. கழிப்பறைக்குப் போகாமல் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையால் பாடத்தை எப்படிக் கவனிக்க முடியும்?

தனி வகுப்பு, கூடுதல் நேரம் என்றெல்லாம் கொடுத்தால் படிப்பின் தரம் குறையாதா?

கூடுதல் நேரம் என்பது கூடுதல் மதிப்பெண் அல்ல. ஸ்க்ரைப் வைத்து எழுதுபவருக்கு மணிக்கு 20 நிமிடம் அதிகம் தருகிறார்கள். சொல்லச் சொல்ல எழுத அந்த நேரம் ஆகும். கேள்வித்தாள் அதேதான், திருத்துபவரும் அதே ஆசிரியர்தான்.

தரம் பற்றிய அச்சத்தை ஆராய்ச்சி கொண்டு பார்த்தவர்களும் இருக்கிறார்கள். இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் ஒதுக்கீட்டின் விளைவுகளை ஆராய்ந்து பாக்டே, எப்பிள், டெய்லர் ஆகிய மூவரும் 2016-இல் வெளியிட்ட கட்டுரை, ஒதுக்கீட்டால் பின்தங்கிய வகுப்பு மாணவர்கள் கல்லூரியில் சேர்வது கூடுகிறது என்றது. தகுதிக்கு மீறிய இடத்தில் சேர்ந்து தடுமாறுகிறார்கள் என்பதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. அஸ்வினி தேஷ்பாண்டேயும் தாமஸ் வைஸ்காஃபும் இந்திய ரயில்வேயை எடுத்துக்கொண்டு 2014-இல் எழுதினார்கள். ஒதுக்கீட்டில் வந்த பணியாளர்களால் உற்பத்தித் திறன் குறைந்ததற்குச் சான்று இல்லை என்பது அவர்கள் முடிவு.

திறமையுள்ள மாணவர் திறமையைக் காட்ட முடியாமல் போவதுதான் தரத்துக்கு நிஜமான இழப்பு. 2024-இல் தன்பாத் ஐஐடி சீட் கிடைத்த உத்தரப் பிரதேச தலித் மாணவர் ஒருவரின் கதையை நாடே படித்தது. தந்தை தினக்கூலித் தொழிலாளி. கட்ட வேண்டிய 17,500 ரூபாயை அக்கம்பக்கத்தில் புரட்டுவதற்குள் இணையதளத்தில் நேரம் முடிந்துவிட்டது. அந்த ஆண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் அவர் நம் உயர் நீதிமன்றம்வரை வந்தார், பிறகு உச்ச நீதிமன்றம் போனார். இப்படி ஒரு திறமையான இளைஞரைக் கைவிட முடியாது என்று செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தனது சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அவருக்கு இடம் வாங்கித் தந்தது. ஒரு மாணவரின் கட்டணப் பிரச்சினை நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. நிறுவனத்துக்குள்ளேயே ஒருவருக்கு அதைத் தீர்க்கும் பொறுப்பு இருந்திருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்திருக்கும்.

இதனால் மற்ற மாணவர்களுக்கு என்ன பயன்? பொய்ப் புகாரில் மாட்டிக்கொண்டால்?

டெல்லியின் வசதி படைத்தோர் பள்ளிகள் சிலவற்றில் ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்தபோது என்ன நடந்தது என்று பொருளியலாளர் கௌதம் ராவ் ஆராய்ந்தார். 2019-இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஏழைப் பிள்ளைகளோடு படித்த பணக்காரப் பிள்ளைகளிடம் பிறருக்குக் கொடுக்கும் மனம் கூடியிருந்தது, ஏழைகளிடம் பாகுபாடு காட்டுவது குறைந்திருந்தது. அவர்கள் படிப்பு பெரிதாகக் கெட்டுவிடவில்லை. பள்ளியில் கண்டது கல்லூரிக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். பின்னாளில் மருத்துவராக, பொறியாளராக, அதிகாரியாகப் பலதரப்பட்ட மக்களிடம் வேலை செய்யப் போகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் இங்கேதான் தொடங்க வேண்டும்.

பொய்ப் புகார் பற்றிய பயத்தை ஒதுக்கித் தள்ளக் கூடாது. எந்த விசாரணையிலும் எதிர்த்தரப்பைக் கேட்க வேண்டும், ஆதாரம் பார்க்க வேண்டும். ஒழுங்கான விசாரணை முறை புகார் கொடுத்தவரைப் போலவே புகாருக்கு ஆளானவரையும் காப்பாற்றும். முறையே இல்லாத கல்லூரியில்தான் வதந்தி தீர்ப்பாகிறது.

புகார் கொடுத்தால் இன்டர்னல் மார்க்கில் கை வைத்துவிடுவார்களே?

மாணவர்கள் மனதில் இருக்கும் மிகப் பெரிய பயம் இதுதான். அது வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். பாகுபாட்டுத் தடுப்பு அதிகாரியே அதே கல்லூரியின் பேராசிரியர். புகாருக்கு ஆளானவர் அவருடைய பல ஆண்டு சக ஊழியராக இருக்கலாம். ஆய்வு மாணவருக்கு இன்னும் கஷ்டம், ஐந்தாறு ஆண்டு உழைப்பு ஒரே வழிகாட்டியின் கையெழுத்தில் தொங்குகிறது. 2012 விதிகளின் பெரிய பலவீனம் இது. பாலியல் புகார்க் குழுவில் வெளி உறுப்பினர் கட்டாயம் என்று இருப்பதுபோல் இங்கேயும் இருந்தே ஆக வேண்டும்.

இருக்கும் வழிகளையாவது முழுதாகப் பயன்படுத்தலாம். புகாரை வாய்மொழியாகச் சொல்லாதீர்கள். தேதி, நேரம், இடம், உடன் இருந்தவர் விவரத்தோடு எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், அல்லது மின்னஞ்சலில் அனுப்புங்கள். 60 நாள் கணக்கு அன்றிலிருந்து ஓடும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நேரே காவல் துறைக்குப் போகலாம், கல்லூரியின் அனுமதி தேவையில்லை. தேசிய உதவி எண் 14566. ராகிங் என்றால் 1800-180-5522, பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம்.

ராகிங் விஷயத்தில் தமிழ்நாடு கற்ற பாடம் இங்கே உதவும். 1996 நவம்பரில் சிதம்பரம் மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தோம். இரண்டு ஆண்டுவரை சிறை, பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம். மத்திய அளவில் மானியக் குழுவின் ராகிங் தடுப்பு விதிகள் வந்தது 2009-இல்தான். நம் சட்டம் வரும்வரை "சீனியர் ஜூனியர் விளையாட்டு" என்று சிரித்துவிட்டுப் போனதை நாம் குற்றம் என்று பெயரிட்டோம், பொறுப்பு யாருக்கு என்று எழுதினோம். ராகிங் அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் இன்று எந்தக் கல்லூரி முதல்வரும் அதை விளையாட்டு என்று சொல்லத் துணிய மாட்டார். சாதியைக் கேட்பதும் அந்த இடத்துக்கு வர வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு கருத்தரங்கு, ஓர் உறுதிமொழி. இதனால் மனம் மாறுமா?

மாறாது என்பதுதான் நேர்மையான பதில். அமெரிக்க நிறுவனங்களில் இத்தகைய திட்டங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஃபிராங்க் டாபினும் அலெக்சாண்ட்ரா காலெவும், கட்டாயப் பயிற்சி வகுப்புகளால் பெரும்பாலும் பலன் இல்லை, சில நேரம் எதிர்ப்பே வளர்கிறது என்று 2016-இல் எழுதினார்கள். வழிகாட்டி ஒருவரை நியமிப்பது, பொறுப்பு யாருக்கு என்று வரையறுப்பது ஆகியவை பலன் தந்தன என்பதும் அவர்கள் கண்டதே.

சின்ன ஏற்பாடு பெரிதாக உதவவும் செய்யும். கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் மூத்த மாணவர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். "ஆரம்பத்தில் எல்லோருக்கும் இது நம் இடம் இல்லையோ என்று தோன்றும், நாளடைவில் சரியாகிவிடும்" என்பதே அதன் சாரம். ஒரு மணி நேரம்தான். அடுத்த மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் உயர்ந்தன, வெள்ளை மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. நம் ஊரில் தமிழ்வழியில் படித்துவிட்டுப் பொறியியல் வகுப்பில் முதல் மாதம் ஒரு வார்த்தை புரியாமல் விழிக்கும் மாணவரிடம், அதே பள்ளியில் படித்த மூன்றாம் ஆண்டு அக்காவோ அண்ணனோ வந்து "எனக்கும் இப்படித்தான் இருந்தது, நான் இப்படிச் சமாளித்தேன்" என்று சொல்வது எந்தக் கருத்தரங்கையும் விட மேல்.

சேர்க்கை நாளில் பெற்றோர் என்ன கேட்க வேண்டும்?

மூன்று பெயர்கள். பாகுபாட்டுத் தடுப்பு அதிகாரி யார், உள் புகார்க் குழுவின் தலைவர் யார், ராகிங் தடுப்புக் குழுவின் பொறுப்பாளர் யார். உதவித்தொகை தாமதமானால் எந்த அறையில் யாரைப் பார்ப்பது என்பதையும் கேளுங்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளை என்றால் வகுப்பு எந்தத் தளம், ஸ்க்ரைப்புக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். பதில் சொல்லத் தெரியாத கல்லூரி அரசுக் கல்லூரியாகவோ அரசு உதவி பெறுவதாகவோ இருந்தால், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். மையம் எப்போது அமைக்கப்பட்டது, இதுவரை எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை 60 நாளில் முடிந்தன என்பதும் அதில் கேட்க வேண்டிய கேள்விகள். பிள்ளை மனம் சோர்ந்திருப்பது தெரிந்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். இந்த எண்களையும் அந்த மூன்று பெயர்களையும் பிள்ளையின் கைப்பேசியிலும் உங்கள் கைப்பேசியிலும் வகுப்பு தொடங்கும் முன்பே பதிந்து வையுங்கள்.